யார் மாதிரியும் இல்லாத குரல்

எங்கள் ஊரில் ஒருத்தன் நன்றாகப் பாடுகிறான் என்று சொல்ல ஒரே ஒரு வழிதான் இருந்தது. "கண்ண மூடிக்கிட்டுக் கேட்டா அப்படியே டிஎம்எஸ்." கொஞ்ச காலம் கழித்து டிஎம்எஸ் இருந்த இடத்துக்கு எஸ்பிபி வந்தார். பெண் பாடினால் சுசீலா, இல்லையென்றால் ஜானகி. கல்யாணத்துக்குப் பாட வரும் இசைக்குழுவில் இந்த நாலு பேருக்கும் ஆள் இருந்தால் அது பெரிய குழு, முன்பணமும் கூடுதல். பாடுகிறவருக்குச் சொந்தமாக ஒரு குரல் இருக்குமே, அதை அவர் என்ன செய்தார் என்று யாரும் கேட்டதில்லை. அது மறைத்து வைக்க வேண்டிய சங்கதி. தப்பித் தவறி வெளியே வந்துவிட்டால், "இன்னிக்கு அவருக்குத் தொண்ட சரியில்ல போல" என்பார்கள்.

ஊர் சுங்கை சிப்புட். பேராக் மாநிலத்தில், ஈப்போவிலிருந்து கோல கங்சார் போகும் பழைய சாலையில் இருக்கிறது. சரித்திரப் புத்தகத்தில் எங்களுக்கு ஒரு வரி உண்டு. 1948 ஜூன் 16ஆம் தேதி எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலுமாக மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்துதான் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தனின் ஊர் என்பதற்கு இன்னொரு வரி. மற்றபடி முதலில் பால் மரம் என்கிற ரப்பர், அப்புறம் எண்ணெய் எடுக்கும் செம்பனை, நடுவே கோயில்களும் தமிழ்ப்பள்ளிகளும். பாட்டு விஷயத்தில் எங்களைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் ஒரு வரியும் கிடையாது. பாட்டு என்றால் மெட்ராசில் செய்வது. முதலில் இசைத்தட்டாக வந்தது, பிறகு கேசட்டாக வந்தது. நாங்கள் வாங்கிக்கொண்டோம்.

தோட்டத்தில் பாட்டே இல்லை என்று சொல்லவில்லை. தாலாட்டு இருந்தது, ஒப்பாரி இருந்தது, திருவிழாவுக்கு உருமி மேளம் இருந்தது. ஆனால் அவற்றை யாரும் 'பாட்டு' கணக்கில் சேர்க்கவில்லை. திடலில் வெள்ளைத்திரை கட்டிப் படம் போடுவார்கள், கோயில் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள், வீட்டில் அரசாங்கத் தமிழ் வானொலியான 'ரேடியோ ஆறு' ஓடும். இந்த மூன்று வழியாக வருவதுதான் பாட்டு. மூன்றிலும் வந்தது சினிமா.

2006இல் 'வல்லவன்' வந்தது. யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய மூன்று பேர் 'யோகி பி அண்ட் நட்சத்ரா' என்ற பெயரில் வெளியிட்ட ஆல்பம். ஒரு பாட்டில் ஒரு துண்டு என்றில்லாமல் ஆல்பமே தமிழ் ராப். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். எழுதுகிறவர்கள் எல்லாரும் 'மடை திறந்து' என்ற ஒரே பாட்டில் ஆரம்பித்து அதிலேயே முடித்துவிடுகிறார்கள். நானும் அந்தப் பாட்டுக்கு வருவேன், ஆனால் கடை வழியாக வருகிறேன்.

பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடித்துவிட்டு அப்போது நான் ஒரு கேசட் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கேசட் கடை என்பது ஊர் வைத்த பெயர். விற்றது சிடி, விசிடி, சாமி படம், ஊதுபத்தி. அலமாரிகளுக்கு ஒரு வரிசை இருந்தது. கண் மட்டத்தில் புதுப்படம். அதற்குக் கீழே ரஜினி, கமல், இளையராஜா, ரஹ்மான். இன்னும் கீழே பக்திப் பாடல். எல்லாவற்றுக்கும் அடியில், குனிந்தால் மட்டும் தெரியும்படி, 'லோக்கல்'. உள்ளூர்க் கலைஞர்கள் சொந்தக் காசு போட்டு வெளியிட்ட ஆல்பங்கள் அங்கே உறங்கும். 'வல்லவன்' வந்தபோது முதலாளி அதையும் அங்கேதான் செருகினார்.

கடைக்கு வரும் பெண்கள் ஒலிபெருக்கியில் ஓடும் பாட்டைக் கேட்டு எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்.

"இது என்ன படம்மா?"

"படப் பாட்டு இல்லங்க ஆன்ட்டி."

"படம் இல்லாமயா? அப்புறம் எதுக்குப் பாட்டு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. கதாநாயகன் கிடையாது, மலை உச்சி கிடையாது, மழை கிடையாது. பாடுகிறவன் தன்னைப் பற்றியே பாடுகிறான். கேட்டால் அந்த மூன்று பேரும் நாட்டுக்கு உள்ளேயே, பஸ் பிடித்தால் போய்ச் சேரும் தூரத்தில் இருக்கிறார்கள்.

பையன்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் சட்டையை வெளியே இழுத்துவிட்டுக்கொண்டு கும்பலாக வந்து, "அக்கா, யோகி பி இருக்கா?" என்பார்கள். படத்தின் பெயரையோ நடிகரின் பெயரையோ சொல்லாமல் பாடியவனின் பெயரைச் சொல்லி அந்தக் கடையில் சிடி கேட்டது அதற்கு முன் எனக்கு நினைவில்லை. சில வாரத்திலேயே முதலாளி 'வல்லவன்' சிடிகளை எடுத்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தார். ரசனை மாறியதால் இல்லை, பையன்கள் அடி அலமாரியில் குனிந்து தேடும்போது விசிடிகளை உருட்டிவிட்டார்கள்.

சிடியைக் காசு கொடுத்து வாங்கியவர்கள் குறைவுதான் என்பதையும் சொல்ல வேண்டும். இரவுச் சந்தையான பசார் மாலாமில் நூறு பாட்டு அடங்கிய எம்பி3 தட்டு கிடைத்தது. அதில் 'மடை திறந்து' மட்டும் இருக்கும், முன்னும் பின்னும் புதுப்படப் பாட்டு. அப்புறம் கைப்பேசி மணியோசை. ஆல்பத்திலிருந்து ஒரே ஒரு பாட்டைப் பிய்த்து எடுத்து ஊர் முழுக்கப் பரப்பிவிட்டார்கள். அதனால்தான் பாதிப் பேருக்கு அது ஓர் ஆல்பம் என்றே தெரியாது.

யோகி பி ஒன்றும் திடீரென்று முளைத்தவர் இல்லை. தொண்ணூறுகளில் கோலாலம்பூரில் 'பொயட்டிக் அம்மோ' என்ற குழு இருந்தது. யோகி பி, பாயிண்ட் பிளாங்க், லேண்ட் ஸ்லைட், சி லோக்கோ என்று நாலு பேர். 1998இல் முதல் ஆல்பம் வந்தது. ஆங்கிலம், மலாய், தமிழ், கன்டனீஸ் என்று பல மொழிகளில் ராப் செய்தார்கள். மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு இது அதிசயமில்லை. மாமாக் கடையில் ஒரு தே தாரிக் குடித்து முடிப்பதற்குள் நாங்கள் மூன்று மொழி பேசிவிடுவோம். ஆனால் அதைப் பாட்டாகப் பதிவு செய்யலாம் என்று அவர்களுக்குத் தோன்றியது. நாலில் ஒரு பங்காக இருந்த தமிழ், எட்டு வருஷத்தில் தனியாக நின்று ஆல்பத்தைத் தாங்கும் அளவுக்கு வந்தது.

ஏன் இது சென்னையில் முதலில் நடக்கவில்லை? அங்கே ஆள் இல்லையா, திறமை இல்லையா? 1994இலேயே 'காதலன்' படத்தில் 'பேட்டை ராப்' வந்து எங்கள் தோட்டத்துத் திருவிழா வரை கிழித்தது. ஆனால் அது படத்துக்குள் வந்தது. கதாநாயகன் ஆட வந்தது, ஆடி முடித்ததும் அடுத்த காட்சிக்குப் போய்விட்டது. கோடம்பாக்கம் பக்கத்திலேயே இருந்தால் எந்தப் புது ஓசையும் கடைசியில் அங்கே போய்த்தான் வேலை கேட்கும். எங்களுக்கு அந்த வசதி இல்லை. போய் வேலை கேட்க ஸ்டூடியோ இல்லாததால் ஆல்பம் போட வேண்டியதாயிற்று. தமிழ் ராப் ஆல்பம் மலேசியாவில் பிறந்ததற்கு நான் காணும் காரணம் இதுதான். பெருமைப்பட இதில் பாதிதான் இருக்கிறது.

கோடம்பாக்கத்துக்கே போனவரும் எங்களில் உண்டு. மலேசியா வாசுதேவன் கிள்ளானில் பிறந்தவர். 1977இல் '16 வயதினிலே' படத்தில் ஆட்டுக்குட்டியை முட்டையிட வைத்த பிறகுதான் ஊர் அவரைக் கண்டுகொண்டது. அவருக்கு யார் மாதிரியும் இல்லாத குரல். ஆனால் அந்தக் குரலைத் தமிழர்களுக்குக் கொடுக்க அவர் கடல் தாண்ட வேண்டியிருந்தது. பேரோடு 'மலேசியா' ஒட்டிக்கொண்டதே இங்கிருந்து போனதால்தான். இன்னொரு பக்கம் பினாங்கு சகோதரர்களின் 'அலிகேட்ஸ்' குழு. லோகநாதனும் டேவிட் ஆறுமுகமும் மலாய்ப் பாட்டு பாடி நாடு முழுக்கப் புகழ் பெற்றவர்கள். சரி, ஒருவர் ஊரை விட்டார், மற்றவர்கள் பெரும்பாலும் வேறு மொழியில் பாடினார்கள். இங்கேயே இருந்துகொண்டு, தமிழில், சொந்தக் குரலில் என்பது மட்டும் காலியாகக் கிடந்தது.

இனி 'மடை திறந்து'.

மூலப்பாட்டு 1980இல் வந்த 'நிழல்கள்' படத்துடையது. பாரதிராஜா இயக்கம், இளையராஜா இசை, வாலியின் வரிகள், எஸ்பிபியின் குரல். படத்தில் அது வாய்ப்புக்காக அலையும் இளம் இசைக்கலைஞன் காணும் கனவு. இதை யாரும் பேசக் காணோம். இளையராஜாவின் ஆயிரக்கணக்கான பாட்டுகளில் இந்த மூன்று பேர் கை வைத்தது, இன்னும் யாருக்கும் தெரியாத ஒருவன் தான் ஒருநாள் தெரியப்போவதாகப் பாடும் பாட்டில். கோடம்பாக்கத்தின் வாசலைக்கூடப் பார்க்காத மலேசியப் பையன்கள் அந்தப் பாட்டை எடுத்தது தற்செயல் என்று நான் நம்பமாட்டேன்.

ஹிப் ஹாப்பில் இப்படி எடுப்பது திருட்டில்லை, அதன் பிறப்பே அப்படித்தான். 1973 ஆகஸ்ட் 11ஆம் தேதி நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில் தங்கை நடத்திய விருந்துக்கு டிஜே கூல் ஹெர்க் இசைத்தட்டு போட்டார். ஆடுகிறவர்களுக்குப் பாட்டில் பிடித்தது டிரம் மட்டும் தனியாக வரும் சின்ன இடம். அதை இரண்டு தட்டுகளில் மாற்றி மாற்றி ஓட்டி நீட்டினார். அந்த நீட்டலின் மேல் பேசியதுதான் வளர்ந்து ராப் ஆனது. பழைய பாட்டிலிருந்து வேண்டியதை மட்டும் வெட்டிக்கொண்டு, அதன் மேல் தன் பேச்சை வைப்பது.

எங்கள் ஊர் இசைக்குழுவோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். மேடைப் பாடகர் எஸ்பிபியின் பாட்டுக்குள் போவார், போகும்போது தன் குரலை வாசலில் கழற்றி வைத்துவிடுவார். இவர்கள் அந்தப் பாட்டையே தங்கள் குரலுக்குள் வரவழைத்தார்கள். பாட்டு அதேதான், அதில் இப்போது வீட்டுக்காரர் வேறு. 'ரீமிக்ஸ்' என்று இதற்கு ஒரு முத்திரை குத்தி ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

என் மாமா ஓர் இசைக்குழுவில் எஸ்பிபி. பகலில் லோரி ஓட்டுவார், சனிக்கிழமை ராத்திரி கோட் போட்டுக்கொண்டு எஸ்பிபி ஆவார். உண்மையிலேயே நன்றாகப் பாடுவார். 'வல்லவன்' சிடியை வீட்டில் போட்டபோது சோற்றுத் தட்டோடு வந்து நின்றார்.

"என்னம்மா இது, பாடறானா, ஏசறானா?"

"ராப் மாமா."

"பழைய பாட்டு வருதே, அந்த எடத்த மட்டும் இன்னொரு வாட்டி போடு."

அந்த இடத்தை மட்டும் போட்டேன். கேட்டுவிட்டு, மிச்சத்தையும் போடச் சொன்னார். முழுக்கக் கேட்டார். பிறகு அவர் சொன்னதை இன்றைக்கும் எந்த விமர்சகரும் எழுதியதாக நான் படிக்கவில்லை. "நல்லாத்தான் இருக்கு. ஆனா இத நாங்க மேடையில எப்படிப் பாடறது? அவன் தன் பேரச் சொல்லித் தன் கதையச் சொல்றான். அத நான் சொன்னா பொய்யால்ல இருக்கும்?"

அவர் குறையாகத்தான் சொன்னார். பாட்டு என்றால் யாரும் எடுத்துப் பாடக்கூடியது, காதலன் யாராக இருந்தாலும் காதல் பாட்டு பொருந்தும். ராப் அப்படிப் பொருந்தாது, பாடுகிறவனின் பெயர் வரியிலேயே உட்கார்ந்திருக்கும். நகல் எடுக்க முடியாத ஒன்று முதல்முறையாக எங்கள் வீட்டு ரேடியோவிலிருந்து வந்தது.

இனி கொஞ்சம் இலக்கணம். வேண்டாதவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிப் போகலாம்.

ராப்பில் வரிகளின் முடிவில் ஓசை ஒத்துவர வேண்டும். நம் யாப்பில் அது இயைபு. தமிழில் இயைபு வைப்பது மிகச் சுலபம், தொல்லையே அதுதான். வினை கடைசியில் வரும் மொழி. 'வருகிறேன், தருகிறேன், பெறுகிறேன்' என்று விடியும்வரை எழுதலாம், கேட்கிறவன் மூன்றாவது வரியில் தூங்கிவிடுவான். இன்னும் சோம்பல் என்றால் எல்லா வரியையும் 'டா' போட்டு முடிக்கலாம். 'வல்லவன்' வந்த பிறகு ராப் எழுத உட்கார்ந்த எங்கள் ஊர்ப் பையன்கள் பலர் அந்த 'டா'வில்தான் வழுக்கி விழுந்தார்கள். இந்த மூன்று பேரிடம் நான் கேட்டது வேறு. ஓசையை வரியின் தலையிலும் நடுவிலும் அடுக்குகிறார்கள். தமிழ்ச் செய்யுள் காலங்காலமாகச் செய்வதும் அதுதான், எதுகையும் மோனையும் வரியின் தொடக்கத்தில் நிற்பவை. முடிவில் ஒத்து வரும் ஓசையை எதிர்பார்க்கும் அமெரிக்கத் தாளத்தின் மேல், தொடக்கத்திலும் ஒத்து வரும் தமிழ்ப் பேச்சை வைத்தால் வரிக்கு இரண்டு முனையிலும் பிடி கிடைக்கிறது.

இன்னொன்று அடி. ஆங்கிலச் சொல்லில் ஓர் அசையை அழுத்திச் சொல்வார்கள். அந்த அழுத்தத்தைத் தாளத்தில் பொருத்தினால் ராப் நடக்கும். தமிழில் அப்படிப்பட்ட அழுத்தம் இல்லை. நமக்கு இருப்பது குறில், நெடில், அப்புறம் இரட்டித்து வரும் வல்லினம். 'வெட்டு', 'தப்பு', 'பக்கம்' என்று சொல்லிப் பாருங்கள், நடுவில் மூச்சு ஒரு கணம் நின்று வெடிக்கிறது. ஸ்னேர் டிரம் விழும் இடத்தில் அந்த வெடிப்பை வைத்துவிட்டால் வாயே மேளமாகிவிடும். உருமி மேளக்காரப் பையன்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அடிகளை வாயால் சொல்லித்தான் அவர்கள் பழகுவார்கள். கோயிலில் திருப்புகழ் பாடிப் பழகிய பையன்களுக்கும் அப்படித்தான். அருணகிரிநாதரின் சந்தத்தில் மூச்சு விட இடம் தேடிப் பழகிய நாக்கு, ராப்பில் அவ்வளவு லேசில் தடுமாறாது. தைப்பூசத்துக்குக் காவடிக்கு முன்னால் பாடிய அதே கும்பல், மறுவாரம் தாமான் என்கிற குடியிருப்பின் சாலையோரத்தில் நின்று ராப் செய்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தக் கும்பலில் என் சித்தி மகனும் ஒருத்தன். நாலு பேர் சேர்ந்து குழு ஆரம்பித்தார்கள். பழைய கம்ப்யூட்டர், ஃபுரூட்டி லூப்ஸ் மென்பொருள், சுவரில் சாய்த்த மெத்தை, கரோக்கேக்கு வாங்கிய மைக். குறைந்த விலை வீடுகளில் சுவர் மெலிசு, பக்கத்து வீட்டு அம்மா மகனைத் திட்டுவது எல்லாப் பதிவிலும் பின்னணியில் கேட்கும். அதையே வெட்டி ஒரு பாட்டின் தொடக்கத்தில் போட்டான். அவன் செய்ததிலேயே அதுதான் நல்ல பாட்டு என்று இன்றும் சொல்வேன்.

மற்ற பாட்டுகளில் நாலு பேருக்கும் ஒரே குரல். யோகி பிக்கு அடிவயிற்றிலிருந்து வரும் கனத்த குரல். பதினாறு வயதுப் பையன்கள், குரல் இப்போதுதான் உடைந்தவர்கள், தொண்டையை இறுக்கி அந்தக் கனத்துக்கு முயன்றார்கள். கோயில் திடலில் ஒரு நிகழ்ச்சியில் பாடினார்கள். மாமா முன்வரிசையில் இருந்தார். முடிந்ததும் எழுந்து கைதட்டி, வாயெல்லாம் பல்லாக என்னிடம் சொன்னார்:

"கண்ண மூடிக்கிட்டுக் கேட்டேம்மா. அப்படியே யோகி பி!"

தம்பிக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்ததில்லை. எனக்குத்தான் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சினிமா பழக்கிய பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடாது. நகல் எடுக்க முடியாததையும் நகல் எடுக்க நாங்கள் வழி கண்டுபிடித்துவிட்டோம்.

இந்தப் பையன்கள் யாரும் மரம் வெட்டியதில்லை, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்ததில்லை. அப்பா வெட்டியிருப்பார், இல்லையென்றால் தாத்தா. பால் மரம் போய்ச் செம்பனை வந்தது. சில தோட்டங்கள் வீடமைப்புக்கு விற்கப்பட்டன. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவர்கள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்து சேர்ந்தார்கள். தோட்டத்தில் கோயில், பள்ளிக்கூடம், திடல் மூன்றும் கூப்பிடும் தூரத்தில் இருந்தன. புது இடத்தில் பையன்கள் உட்கார்ந்து பேச மாடிப்படிதான். தொளதொள கால்சட்டை போட்டு நாலு பேர் படியில் உட்கார்ந்தால் 'கெங்', அதாவது ரவுடிக் கும்பல் என்று பெயர் வைத்துவிடுவார்கள். தம்பியும் கூட்டாளிகளும் ராப் எழுதியதில் பாதி, நாங்கள் அப்படி இல்லை என்று ஊருக்குச் சொல்வதற்குத்தான். மீதிப் பாதி, அப்படித்தான் என்று சொல்வதற்கு. அந்த வயதில் இரண்டும் தேவைப்படும் போல.

2006இல் ஆல்பம். 2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் இந்தியர் உரிமை கேட்டு இண்ட்ராப் இயக்கத்தின் பேரணி. 2008 மார்ச் 8 தேர்தலில், 1974 முதல் எங்கள் தொகுதியைக் கையில் வைத்திருந்த மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் சாமிவேலு சுங்கை சிப்புட்டில் தோற்றார். மூன்றையும் ஒரே நூலில் கோக்க ஆசை வரும். நான் கோக்கமாட்டேன். ராப் கேட்டுவிட்டு யாரும் ஓட்டை மாற்றிப் போடவில்லை. வேலை, சம்பளம், கோயில் என்று காரணங்கள் வேறு இருந்தன. பையன்கள் தன் பெயரைச் சொல்லிச் சத்தமாகப் பேசிப் பழகிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அப்புறம் சினிமா வந்து யோகி பியைக் கூட்டிக்கொண்டு போனது. 2007இல் 'பொல்லாதவன்' படத்தில் 'எங்கேயும் எப்போதும்'. அது 1979இல் 'நினைத்தாலே இனிக்கும்' படத்துக்கு எம்எஸ்வி போட்ட மெட்டு. அதாவது, பழைய சினிமாப் பாட்டின் மேல் ராப் வைத்த மலேசியக்காரரைக் கூப்பிட்டு, இன்னொரு பழைய சினிமாப் பாட்டின் மேல் ராப் வைக்கச் சொன்னார்கள், இந்த முறை படத்துக்குள்ளேயே. 2011இல் 'ஆடுகளம்', 2017இல் 'விவேகம்'. ஆடுகளத்தில் வரும் 'போர்க்களம்' எனக்கு மிகப் பிடிக்கும். ஆனால் கடையில் அந்த ஆன்ட்டிகள் "என்ன படம்மா?" என்று கேட்டால் அதற்குப் பிறகு பதில் கிடைத்துவிடும். அடி அலமாரியிலிருந்து கண் மட்டத்துக்கு வந்துவிட்டார். அதில் அவருக்கு லாபம்தான், யார் வேண்டாம் என்பார்கள். அலமாரி வரிசை மட்டும் மாறவில்லை.

தமிழ்நாட்டில் 2012இல் ஹிப்ஹாப் தமிழாவின் 'ஹிப் ஹாப் தமிழன்' ஆல்பம் வந்தது, பிறகு அந்தக் குழுவும் சினிமாவுக்குப் போய்விட்டது. 2019இல் அறிவும் ஆஃப்ரோவும் போட்ட 'தெருக்குரல்' என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. 2021இல் தீயும் அறிவும் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டி வள்ளியம்மாளின் கதை அதன் பின்னால் இருக்கிறது என்று அறிவு சொன்னார். எங்கள் வீட்டில் எல்லாரும் கொண்டாடினார்கள். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.

கோபம் அறிவு மேல் இல்லை, எங்கள் மேல். தமிழ் ராப்பில் முதலில் ஆல்பம் போட்டது நாம். தோட்டத்தில் பிறந்து வளர்ந்ததும் நாம். ஆனால் தோட்டக்காட்டுப் பாட்டியை மைக்குக்கு முன் கொண்டுவந்து நிறுத்தியது சென்னை. மலேசியாவில் இத்தனை வருஷமாக எத்தனையோ பேர் ராப் செய்கிறார்கள். காதல் இருக்கிறது, வீரம் இருக்கிறது, துரோகம் செய்த கூட்டாளி இருக்கிறான், கார் இருக்கிறது. விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவது எங்கே? பால் சுமக்கும் காண்டா வாளி எங்கே, மரத்தில் பால் பிடிக்கும் மங்கு எங்கே, ஒட்டுப்பால் நாற்றம் எங்கே? மழை வந்தால் அன்றைக்கு வெட்டு இல்லை, சம்பளமும் இல்லை என்று வானத்தைப் பார்த்து நிற்பது எந்தப் பாட்டில் இருக்கிறது? எனக்குத் தெரிந்து இந்தச் சொற்களெல்லாம் கதை எழுதுகிறவர்களிடம் இருக்கின்றன, ராப்பர்களின் வாயில் இன்னும் ஏறவில்லை. 'ஒட்டு', 'வெட்டு' என்று எதுகை வேறு வரிசையில் வந்து நிற்கிறது.

இதைத் தம்பியிடம் சொல்லித் தீர்த்துக்கொண்டேன். அவன் இப்போது முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை ராத்திரியில் பதிவு செய்கிறான். குரல் ஒருவழியாக அவனுடையதாகவே ஆகிவிட்டது. யோகி பியை விட்டு வெளியே வர அவனுக்கு வயதுதான் உதவியது என்று நினைக்கிறேன்.

"கோவிச்சுக்கிட்டா எப்படிக்கா? எனக்கு மரமே வெட்டத் தெரியாதே, நான் சொன்னா பொய்யா இருக்கும்" என்றான். மாமா அன்றைக்குச் சொன்ன அதே நியாயம். "பாட்டிகிட்ட கேட்டு எழுதிக் குடுங்க. அது சொல்ற மாதிரியே பாடறேன்."

கேட்டேன். பாட்டிக்குத் தொண்ணூறு நெருங்குகிறது, காது மந்தம், ஞாபகம் மட்டும் கூர்மை. பால் மரத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால் மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. ஸ்டோரில் பால் நிறுக்கும்போது தட்டைக் காலால் தட்டி எடையைக் குறைத்த ஒரு தண்டலை, அதாவது வேலை வாங்கும் மேஸ்திரியைப் பற்றி ஆரம்பித்தார். அவன் பெயர், அவன் அப்பன் பெயர், அவன் மீசை, அவன் வீட்டு நாய் வரைக்கும் வந்தது. வசவு ஒவ்வொன்றும் எதுகையோடு விழுந்தது, ஒன்றுகூட 'டா'வில் முடியவில்லை. பெரும்பாலும் அதைவிட மோசமான இடத்தில் முடிந்தது. விடாமல் எழுதிக்கொண்டேன். "எல்லாத்தையும் எழுதிக்கிட்டியா, அவன் பேர மொதல்ல போடு" என்று இரண்டு தடவை சரிபார்த்தார்.

தாள்களைத் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன். தாளம் போட ஆரம்பித்துவிட்டான். தண்டலின் பெயரை மட்டும் மாற்றச் சொன்னேன், பேரப்பிள்ளைகள் இதே தாமானில்தான் இருக்கிறார்கள். மின்னல் எஃப்எம்முக்கு அனுப்பலாமா என்று கேட்டதற்கு, இதில் வானொலியில் போடக்கூடியது மழை பெய்த வரி மட்டும்தான் என்கிறான்.